அரைச் சொம்புத் தீர்த்தம்

பம்புசெட்டுகளால் பிழைக்கிறவன் நான். அவற்றைச் செய்வதில்லை, விற்பதில்லை, பழுது பார்ப்பதும் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியின் கேட்டலாக்கில் ‘தலைமுறை தாண்டிய உழைப்பு’, ‘சலியாத நீரோட்டம்’ என்றெல்லாம் வருகிறதே, அந்த அடைமொழிகளுக்கு மட்டும் நான் பொறுப்பு. ஒரு மோட்டாரைக் கழற்றி மாட்டச் சொன்னால் கழற்றிவிடுவேன். அத்துடன் என் பங்கு முடிந்தது.

எங்களுக்கு இரும்பு அனுப்புகிற ஆலை ஒன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. அதை நேரில் பார்த்து உணர்ச்சிவசப்பட்டு நாலு பக்கம் எழுதிக்கொண்டு வரும்படி கம்பெனி என்னை அனுப்பியது. பாஸ்போர்ட் கேட்கவில்லையே தவிர, எனக்கு அது வெளிநாட்டுப் பயணம்தான். மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணில் படாத ஊரில் எனக்குத் திசையே தெரியாது.

முதல் நாள் காலை வேப்பம்பட்டில் ஜான்சன் வீட்டில் வந்து இறங்கினேன். கல்லூரி நாட்களில் கோவையில் என் அறையில் இருந்தவன். அவன் பாலிடெக்னிக், நான் இலக்கியம். அவன் ஒழுங்காகப் படித்துக் கும்மிடிப்பூண்டியில் அதே ஆலையில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். இரண்டு ஊரும் ஒரே மாவட்டம். ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால் பட்டணம் வரை இறங்கி, வண்டி மாறி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். மூக்கைத் தொடுவதற்காகத் தினமும் தலையைச் சுற்றி வருகிற ஜான்சன், நின்றபடியே தூங்குவதில் தேர்ந்திருக்கிறான். மாற வேண்டிய நிலையத்தில் அவன் கண் தானாகத் திறக்கிறது.

அன்று நானும் அவனோடு ரயிலேறினேன். மீஞ்சூர் தாண்டும்போது வெளியே புகைபோக்கிகள், உப்பங்கழி, தூரத்தில் கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலை. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த திமிரில் எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தாலும் முகத்தைச் சுளிக்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. கடலையே காய்ச்சிக் குடிக்கிறவர்கள் முன்னால் அன்று சுளிக்க வெட்கமாக இருந்தது. எதிர் இருக்கையில் இரண்டு தெலுங்குப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். சினிமா பார்த்து நான் கற்ற தெலுங்கில் அது இப்படிக் கேட்டது: “என் மாமியார் கனவில் வந்து குழம்பில் உப்புக் குறைவு என்றாள்.” “உயிரோடுதானே இருக்கிறாள்?” “அதனால்தான் கவலை.”

ஆலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இருட்டான கூரைக்கடியில் செக்கச்சிவந்த இரும்புக் கம்பிகள் பாம்புபோல வழுக்கிக்கொண்டு போயின. ஒடியா பேசும் இளைஞர்கள் அவற்றின் பக்கத்தில் சாவகாசமாக நின்று செல்போனில் பாட்டுக் கேட்டார்கள். நான் ‘கனல்’ என்று ஒரு சொல்லைக் குறித்துக்கொண்டேன். கேன்டீனில் சாம்பாரும் ரசமும் வேறு வேறு பாத்திரங்களில் இருந்ததால் மட்டும் வேறுபடுத்த முடிந்தது.

“நாளைக்கி எனக்கு லீவு,” என்றான் ஜான்சன். “பழவேற்காட்டுக்குப் போலாம்டா. படகுல கூட்டிகினு போயி பூநாரை காட்டறேன். கோயம்புத்தூருல அதெல்லாம் ஏது?”

எங்கள் ஊரில் மயில் இருக்கிறது என்றேன். மயில் தக்காளியைத் தின்கிற பிராணி என்று அவன் ஒதுக்கிவிட்டான்.

இரண்டாம் நாள் பஸ். பொன்னேரி தாண்டியதும் வயல்கள் மெல்ல மெல்ல நீராகி, எது நிலம் எது ஏரி என்ற பேதம் அழிந்தது. பாய் கடையில் இட்லிக்கு வடகறி ஊற்றித் தந்தார்கள். அந்த ஒரு கிண்ணத்துக்காக நான் கோவையின் பல பெருமைகளை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தேன்.

படகுக்காரர் பெயர் தேசப்பன். முப்பத்தைந்து வயதிருக்கும். ஏரியில் மீன் இல்லாத மாதங்களில் ஜான்சனின் ஆலைக்குக் கூலிக்கு வருகிறவர். பைபர் படகு, அதில் டீசல் எஞ்சின், எஞ்சினிலிருந்து நீண்ட வால்போல ஒரு தண்டு, அதன் நுனியில் விசிறி. படகின் மூக்கில் மஞ்சள், குங்குமம், வாடிய வேப்பிலைக் கொத்து.

கரை விலகியதும் ஏதோ ஆகிவிட்டது எனக்கு. ஏரிக்கும் நிறமில்லை, வானத்துக்கும் நிறமில்லை. நடுவில் கோடு போட யாரோ மறந்துவிட்டார்கள். தெற்கே மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தண்ணீரில் தலைகீழாகவும் நின்றன. எது நிஜம் என்று தீர்மானிக்கும் அவசரம் எனக்கு இல்லை. எஞ்சினின் டகடகப்பில் கண் செருகியது. தூரத்தில் வெளிறிய ஒரு சிவப்புக் கறை தெரிந்தது. அதுதான் பூநாரைகள் என்றார் தேசப்பன். முகத்துவாரத்துப் பக்கம் அலை கொஞ்சம் தூக்கிப் போட்டது. படகு ஆடியது.

எஞ்சின் ஒரு முறை இருமியது. அப்புறம் இன்னொரு முறை. பிறகு நின்றுவிட்டது.

அந்த நிசப்தத்தை நான் மறக்க மாட்டேன். உலகத்தில் அதுவரை யாரோ அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டரை அணைத்ததுபோல் இருந்தது. நான் மிக மகிழ்ச்சியாக இருந்தேன். படகில் அப்படி இருந்தவன் நான் ஒருவன்தான்.

“இன்னாபா ஆச்சி?” என்றான் ஜான்சன்.

“தெர்ல அண்ணே. நேத்து வரிக்கும் நல்லா ஓடிகினு இருந்திச்சி.” தேசப்பன் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார், இழுத்தார், வேர்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “சாரு கோயம்புத்தூரு பம்புக் கம்பெனின்னு அண்ணன் சொல்லிச்சி. நீங்க கொஞ்சம் பாருங்களேன் சார்.”

ஜான்சன் வேறு பக்கம் பார்த்தான். கோயம்புத்தூர்க்காரன் என்றால் கையில் ஸ்பேனரோடு பிறக்கிறவன் என்று தமிழ்நாடு முழுக்க ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை வளர்த்ததில் என் கேட்டலாக்குகளுக்கும் பங்குண்டு. நான் குனிந்து எஞ்சினைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

“டீசல் இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

“ரொப்பி வெச்சிக்கீறேன் சார்.”

என்னிடம் வேறு கேள்வி இல்லை. தேசப்பன் பில்டரின் அடியில் இருந்த திருகைத் தளர்த்தி, காலியான குடிநீர் பாட்டிலில் கொஞ்சம் பிடித்தார். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது மூன்று பேரும் வாயைத் திறந்தபடி பார்த்தோம். மேலே இளந்தேநீர் நிறத்தில் டீசல். கீழே தனியாக, கலங்கலாக, நல்ல மஞ்சள் நிறத்தில் தண்ணீர். அடியில் செம்மண்போல ஒரு படிவு.

“தண்ணி பூந்துகீது,” என்றான் ஜான்சன். “அது சரி, இன்னாத்துக்கு மஞ்சளா கீது?”

தேசப்பன் டேங்கிலிருந்து வரும் குழாயைப் பிடுங்கி வாயால் ஊதினார். அடைப்பு விட்டது. டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், டீசலுக்கடியில் ஒரு வேப்பிலை சாவகாசமாகத் திரும்பிப் படுத்தது.

தேசப்பன் பலகையில் குந்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “வெள்ளிக்கெயம எங்க ஊட்டுக்காரி அம்மன் கோயில்லேந்து தீர்த்தம் வாங்கியாந்திச்சி. படகுக்குத் தெளிக்கிறேன்னிச்சி. நான் வல தெச்சிகினு இருந்தேன். திரும்பிப் பாக்கல.”

ஜான்சன் சிரிக்க ஆரம்பித்தான். தேசப்பன் சிரிக்கவில்லை. “அண்ணே, நாளைக்கி எங்க பாடு,” என்றார். ஜான்சனின் சிரிப்பு நின்றது.

பாடு என்றால் என்னவென்று எனக்கு விளக்கினார்கள். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். அங்கே ஆளாளுக்கு வலை போட்டால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்கிறார்கள். இன்று இந்தக் குழு, நாளை அந்தக் குழு. உங்கள் முறை வந்த அன்று சூரியன் தலை காட்டுவதற்குள் வலை தண்ணீரில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அடுத்த குழு போய் இறக்கும். போன முறை போனதுதான்; சுற்று முழுவதும் முடிந்துதான் மறுபடி வரும். தேசப்பன் குழுவின் கனத்த வலை முழுக்க இந்த ஒரே படகில்தான் போகிறது. துடுப்பும் கழியும் கொண்டு எதிர்காற்றில் அவ்வளவு தூரம் போவதற்குள் சூரியன் உச்சிக்கு வந்துவிடும். அன்றைக்கு வேறு படகு இரவல் கிடைக்காது; எல்லாப் படகுக்கும் வேலை இருக்கிறது. ஐந்து குடும்பத்தின் இறால் ஒரு வேப்பிலைக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தது.

தேசப்பன் திடீரென்று படகிலிருந்து குதித்தார். நான் அலறிவிட்டேன். அவர் ஏரியின் நடுவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, “இன்னா சார்?” என்றார். கரையிலிருந்து நான் அடியே இல்லாதது என்று நம்பிக்கொண்டு வந்த ஏரி அவ்வளவு ஆழம்தான்.

நாங்களும் இறங்கினோம். அவர் கயிற்றை இழுத்துக்கொண்டு போக, நாங்கள் பின்னால் தள்ளினோம். காலடியில் சேறு வெண்ணெய்போல வழுக்கியது. எங்கும் ஒரே வெளிச்சம்; நடக்கிறோமா நிற்கிறோமா என்று தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் பூநாரைகளும் சேற்றில் காலை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தன. அவையும் நாங்களும் செய்தது ஒரே வேலைதான். அவற்றுக்கு அழகாக வந்தது. கரை தூரத்தில் மிதந்தது, கிட்டே வரவில்லை. வர வேண்டும் என்று எனக்கும் இல்லை. தேசப்பனின் முதுகைப் பார்க்கும்போது மட்டும் அந்த ஆசை குற்றமாகப் பட்டது. நிமிராத முதுகு.

கரையில் சுப்புராயன் என்பவர் தன் படகில் உட்கார்ந்து வலை உதறிக்கொண்டிருந்தார். தேசப்பனுக்கு அடுத்த முறை அவர் குழுவுக்கு.

“இன்னா நைனா, படகுக்குக் கயிறு கட்டி மேய்க்கிற?” என்றார். “புல்லு நல்லா கெடச்சிதா?”

“எஞ்சின்ல தண்ணி,” என்றார் தேசப்பன்.

“அடப்பாவமே.” உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு தன் வலையை இன்னும் கவனமாக மடிக்கத் தொடங்கினார்.

தேசப்பனின் மனைவி கன்னியம்மா வீட்டு வாசலில் நண்டு கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மறைக்கவில்லை.

“ஆமா, ஊத்தினேன். அரைச் சொம்புதான்.”

“தெளிக்கிறேன்னுதானடி சொன்ன?”

“மேல தெளிச்சா மேலோட பூடும். ஜொரம் வந்தா மருந்த தலையில தடவிகினு குந்தியிருப்பியா? உள்ள ஊத்திகினாத்தான வேல செய்யும்?”

‘எரிபொருள் தொட்டியில் ஈரம் புகாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று நானே ஒரு கேட்டலாக்கில் எழுதியிருக்கிறேன். அந்த அம்மாவின் கேள்விக்கு அதில் பதில் இல்லை. அவரே பேச்சை முடித்து எங்களை உட்காரவைத்து நண்டு ரசமும் இறால் தொக்கும் சோறும் போட்டார். காரம் காதுவழியாக வெளியேறியது. அரிசியும்பருப்பும் சாதம் தின்று வளர்ந்த நாக்கு இது. ஒவ்வொரு வாய்க்கும் மன்னிப்புக் கேட்டு, அடுத்த வாய்க்குத் திறந்தது.

சாப்பிட்டதும் டேங்கைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அடியில் திறப்பு ஏதும் இல்லாத டேங்க். ஒரு பக்கம் செங்கல் முட்டுக்கொடுத்துச் சாய்த்து, ஆடாமல் விட்டுவைத்தார்கள். தண்ணீர் கனம், மெல்ல மெல்ல ஒரு மூலைக்கு இறங்கிச் சேரும். வெயில் சாயும்வரை அந்த டேங்கை எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். பேச்சுக்கூடத் தணிந்த குரலில்தான். ஏதோ நோயாளி தூங்குவதுபோல.

பிறகு ஜான்சன் ஒரு மெல்லிய டியூபை அந்த மூலைக்கு விட்டு வாயால் உறிஞ்சினான். டீசல் வாய்க்குள் போய்விட்டது. அவன் துப்பிய வார்த்தைகளை எழுதுவதற்கில்லை. டியூபின் நுனியில் மஞ்சள் துளி எட்டிப் பார்த்தது.

அந்த நேரத்தில் கன்னியம்மா வந்து கட்டைவிரலால் டியூபின் வாயை அடைத்துவிட்டார்.

“எங்க ஊத்தப் போற?”

“எங்கனா ஊத்தறேன். வுடு,” என்றார் தேசப்பன்.

“அம்மன் தண்ணி இது. கால் படற எடத்துல வுடக்கூடாது.”

“ஏரில வுட்டுர்றேன்.”

சுப்புராயன் தன் படகிலிருந்து குரல் கொடுத்தார். “ஏரில எண்ண வுட்டின்னா பஞ்சாயத்துல நிக்க வெப்பேன். நாளன்னைக்கி நானும் அங்கதான் எறா புடிக்கணும்.”

“கோயில் வேம்புக்கு ஊத்தலாமே,” என்றேன் நான். யோசனை சொல்லிவிட்ட திருப்தி எனக்கு.

“டீசலு ஊத்துனா மரம் பட்டுப் பூடும் சார்,” என்றார் கன்னியம்மா. “அம்மனோட தண்ணிய வெச்சி அம்மனோட மரத்தயே கொல்லச் சொல்றீங்களா?”

நான் மறுபடி நண்டு ரசத்தைப் பற்றி நினைக்கத் தொடங்கினேன்.

“கன்னியம்மா, பொய்து போவுது,” என்றான் ஜான்சன்.

“போவட்டும் அண்ணே. எடத்தச் சொல்லுங்க, வெரல எடுக்கறேன்.”

“அப்ப நான் குடிச்சிரட்டா?” என்று கத்தினார் தேசப்பன். “பெரிய பேஜாரா கீதே இது! வருஷம் பூராம் இந்த நாளுக்குத்தான காத்துகினு கீறோம்? அஞ்சு ஊட்டுச் சோறுடி!”

“அஞ்சு ஊட்டுச் சோறுன்னுதான ஊத்தினேன்!” கன்னியம்மாவின் குரல் உடைந்துவிட்டது. விரல் மட்டும் அசையவில்லை. “போன வாட்டி வெறும் வலயத் தூக்கிகினு வந்து நாலு நாளு பேசாம படுத்துகினு கெடந்தது நீயா நானா?”

தேசப்பன் மணலைப் பார்த்தார். சாயங்கால வெளிச்சத்தில் ஏரி வெண்கலத் தட்டுபோல ஆகியிருந்தது. அதன்மேல் ஒரு கொக்கு, ஆணி அடித்ததுபோல. நேரம் இவ்வளவு மெதுவாகவும் இவ்வளவு வேகமாகவும் போனதை நான் பார்த்ததில்லை.

கன்னியம்மாதான் முதலில் பேசினார். யாரிடமும் இல்லாமல், தன்னிடமே கேட்டுக்கொள்வதுபோல. “நான் எதுக்கு ஊத்தினேன்? அவ படகுல இருக்கணும்னுதான?” பிறகு வீட்டைப் பார்த்து உரக்க: “அந்த ஊறுகா டப்பாவ எடுத்தாங்க யார்னா!”

நானே ஓடினேன். திருகுமூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா. அடியில் இன்னும் மாவடு வாசனை.

“இதுல புடி. மூடி, படகு மூக்குல கட்டு. டேங்க்ல இல்லன்னா இன்னா, படகுலதான இருக்கா?”

“மூக்குல டப்பாவக் கட்டிகினு போனா எல்லாம் சிரிப்பானுங்க,” என்றார் தேசப்பன். ஆனால் அவர் குரலில் இருந்த கத்தல் போயிருந்தது.

“சிரிக்கறவன் சிரிக்கட்டும். எறா சிரிக்குமா?”

விரல் விலகியது. மஞ்சள் தண்ணீர் நூல்போல இறங்கியது. குங்குமம், ஒரு துண்டு வேப்பிலை, பின்னால் டீசலின் வழவழப்பு. தெளிந்த டீசல் வந்ததும் டியூபைத் தூக்கிவிட்டார்கள். மீதியை வடிகட்ட ஒரு நல்ல துணி வேண்டும் என்றார்கள். என் தோளில் இருந்த துண்டைக் கொடுத்தேன். சென்னிமலைத் தறியில் நெய்தது. இன்றுவரை எந்த எஞ்சினுக்கும் நான் நேரடியாகச் செய்திருக்கிற உதவி அது ஒன்றுதான்.

டேங்கை மாட்டி, பில்டரைக் கழுவித் துடைத்து, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினார்கள். திருகைத் தளர்த்திச் சின்னக் கைப்பிடியை அமுக்க அமுக்க, டீசல் முதலில் நுரைத்தது, பிறகு கண்ணாடிபோல வந்தது. தேசப்பன் கயிற்றை இழுத்தார். ஓடியது. நின்றது. மறுபடி காற்றெடுத்தார்கள். மறுபடி ஓடியது. இந்த முறை அவரே அணைத்தார். “பாப்பம்,” என்றார். அதற்கு மேல் நம்பிக்கை வைக்க அவருக்குப் பயமாக இருந்திருக்கும்.

ஜான்சன் லீவை ஒரு நாள் நீட்ட, அன்றிரவு அங்கேயே படுத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் விடியலில் கரைக்குப் போனபோது எல்லோரும் அங்கே இருந்தார்கள். தேசப்பனின் குழு வலையை ஏற்றிக்கொண்டிருந்தது. படகின் மூக்கில் ஊறுகாய் டப்பா, அதற்கும் ஒரு பொட்டு. பத்தடி தள்ளிச் சுப்புராயனின் படகிலும் வலை ஏறித் தயாராக இருந்தது. அதுதான் அங்கே வழக்கம். முறைக்காரர்கள் தவறினால் உடனே கிளம்ப, அடுத்த முறைக்காரர்கள் வலையை ஏற்றிவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பகை ஒன்றுமில்லை. அவரே எங்களுக்கு டீ வாங்கித் தந்தார்.

“எஞ்சினுக்குக் காவடி எடுத்தாச்சா?” என்று சிரித்தார் தேசப்பனைப் பார்த்து.

“நீ தள்ளி வுடு அண்ணே, போதும்,” என்றார் தேசப்பன். சுப்புராயன் இறங்கி வந்து தள்ளியும் விட்டார்.

எஞ்சின் பிடித்தது. படகு சாம்பல் நிறத்துக்குள் போனது. முதலில் ஆட்கள் மறைந்தார்கள், பிறகு படகு, கடைசியில் மூக்கில் ஆடிய டப்பா. சத்தம் மட்டும் எங்களோடு கொஞ்சநேரம் இருந்தது. டகடக, டக், டக்… பிறகு அதுவும் இல்லை.

“நின்னுபோச்சுங்களா?” என்றேன்.

கன்னியம்மா மணலில் முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. “இல்ல. போயிகினு கீது.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஜான்சனுக்கும் கேட்கவில்லை. தொலைவு சத்தத்தைத் தின்றதா, எஞ்சின் தண்ணீரைத் தின்றதா என்று சொல்ல வழியில்லை. கிழக்கே கடலுக்கு மேல் ஒரு சிவப்புக் கீற்று வந்துவிட்டது. சுப்புராயனின் ஆட்கள் பேச்சை நிறுத்தி அந்தக் கீற்றையே பார்த்தார்கள். ஒருவர் நங்கூரக் கயிற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கீற்று தடித்தது. என் டீ ஆறிப்போய்விட்டது, குடிக்கத் தோன்றவில்லை.

சுப்புராயனின் போன் அடித்தது.

காதில் வைத்துக் கேட்டார். “ம்.” கொஞ்சநேரம். “ம்… சரி.” போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் படகில் ஏறி, மடித்து வைத்திருந்த வலையின் ஒரு முனையைத் தூக்கிக் கரை மணலிலேயே மறுபடி இறக்கத் தொடங்கினார்.

கன்னியம்மா கண்ணைத் திறந்தார். புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். எங்களைப் பார்க்கவே இல்லை. நேரே அந்தப் படகுக்கு நடந்துபோய் வலையின் மறுமுனையைப் பிடித்தார்.

“குடு அண்ணே. ஒத்த ஆளா தூக்காத, முதுகு புடிச்சிக்கும்.”